உங்களுக்குத் தெரியுமா? குரல் கொடுத்தால் வரும் காடு

குயிலுக்குப் பதில் குரல் கொடுக்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை ஒன்று இருக்குமா? மாமரத்திலிருந்து அது கூவும், திண்ணையிலிருந்து நாம் கூவுவோம், அது இன்னும் ஒரு படி மேலே ஏறிக் கூவும். நமக்கு விளையாட்டு. அதற்கு விளையாட்டல்ல. கூவுவது ஆண் குயில். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் வந்துவிட்டதாக நினைத்துத்தான் அது குரலை உயர்த்துகிறது. உலகெங்கும் வேட்டைக்காரர்கள் பறவையையும் விலங்கையும் குரலால் அழைத்த கலைக்கு இதுதான் அரிச்சுவடி.

அழைப்பில் மூன்று வகை உண்டு. எதிராளியின் குரல், துணையின் குரல், ஆபத்தில் சிக்கிய குஞ்சின் குரல். முதலாவதற்குக் கோபத்தோடு வரும், இரண்டாவதற்கு ஆசையோடு வரும், மூன்றாவதற்குப் பதறிக்கொண்டு வரும். பசியை நம்பி வைக்கும் இரையைவிடக் குரலுக்கு வலு அதிகம். வயிறு நிறைந்த பறவை இரையைத் திரும்பியும் பார்க்காது. குரலைக் கேட்டால் நிற்கும்.

கோலார் தங்கவயலில் இதை நேரில் பார்க்கலாம். சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய சைனைடு மண்மேடுகளைத் தாண்டி நடந்தால் முள்புதரும் கற்பாறையுமாகக் கிடக்கிற வறண்ட நிலம் கௌதாரிக்கு ஏற்ற இடம். விடியற்காலையில் ஆண் கௌதாரி ஒரு கல்லின் மேலோ கரையான் புற்றின் மேலோ ஏறி நிற்கும். முதலில் தொண்டைக்குள்ளேயே இரண்டு மூன்று தணிந்த சத்தம். பிறகு கழுத்தை நிமிர்த்தி, உடம்பு குலுங்க, மூன்று அசையுள்ள கணீரென்ற கூவலைத் திரும்பத் திரும்ப எழுப்பும். கொஞ்ச தூரத்தில் இன்னொன்று பதில் சொல்லும். அதற்கப்பால் மற்றொன்று. ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து கேட்டால், எந்தப் புதர் யாருடைய எல்லை என்று மனசுக்குள் ஒரு வரைபடமே விழுந்துவிடும். ஆளைக் கண்டால் இந்தப் பறவை சட்டென்று பறக்காது, ஓடும். தலையைத் தாழ்த்திப் புதருக்குப் புதர் ஓடி மறையும்.

அறிவியல் பெயரில் புதுச்சேரி ஊரைச் சுமந்துகொண்டிருக்கிற பறவைகளில் கௌதாரியும் ஒன்று. 1789-இல் வைத்த 'பாண்டிசெரியானஸ்' என்ற பெயர் இன்றும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த எல்லைச் சண்டைதான் கௌதாரிக்கு வினையாகவும் முடிந்தது. பழக்கிய ஆண் கௌதாரியைக் கூண்டில் வைத்துக் காட்டில் கொண்டுபோய் இறக்குவார்கள். கூண்டைச் சுற்றி மெல்லிய சுருக்குக் கண்ணிகள். உள்ளே இருப்பது கூவும். அந்த இடத்துக்குச் சொந்தக்காரப் பறவை சண்டைக்கு ஓடி வரும். வந்த காலே கண்ணியில் மாட்டும். வேட்டைக்காரன் வாய் திறக்கவே வேண்டாம், பறவையே பறவையை அழைத்துவிடும்.

இப்படிப் பழக்கிய விலங்கையும் பறவையையும் காட்டி வேட்டையாடுவது சங்க காலத்திலேயே இருந்த தொழில். அந்தப் பழக்கிய உயிருக்குப் 'பார்வை' என்று பெயர். பெரும்பாணாற்றுப்படையில் வேட்டுவர்களான எயினரின் குடிசை முற்றத்து விளாமரத்தில் ஒரு பார்வை மான் கட்டிக் கிடக்கிறது. நற்றிணையின் 212-ஆவது பாட்டில் பார்வை வேட்டுவன் விரித்த வலையைக் கண்டு கணந்துள் பறவை மிரண்டு கத்துகிறது. அந்தப் புலவர் வேடனின் திறமையை விட்டுவிட்டுப் பறவையின் பயத்தைக் கேட்டிருக்கிறார் என்பதுதான் என்னை அந்தப் பாட்டில் நிறுத்துகிறது.

இன்று இதையெல்லாம் செய்தால் சிறை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுக் கௌதாரியைக் கண்ணி வைத்துப் பிடிப்பதும், கூண்டில் அடைத்து வளர்ப்பதும், விற்பதும் குற்றம். காட்டுக் காடை, காட்டுக்கோழி, மயில் எதற்கும் விலக்கில்லை. மயில் 1963 முதல் தேசியப் பறவை வேறு.

நரிக்குறவர்களின் தொண்டையைப் பற்றி ஊர் ஊராகக் கதை உண்டு. அது வெறும் கதையல்ல. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய பெருந்தொகுப்பில், குருவிக்காரர்கள் என்று அவர் குறிப்பிடும் இவர்கள் நரியின் ஊளையை அச்சு அசலாக எழுப்பி நரிகளையே வரவழைப்பதைப் பதிவு செய்திருக்கிறார். எந்தக் கருவியும் இல்லை. வாய் மட்டும்தான். காட்டு உயிர்களின் பேச்சை இந்த அளவுக்கு அறிந்த ஒரு சமூகத்தைச் சட்டம் வந்தபோது வெறும் 'வேட்டைக்காரர்' என்று ஒதுக்கிவிட்டோம். பறவை ஆய்வுக்கும் கணக்கெடுப்புக்கும் அவர்களை ஆசிரியர்களாக அழைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தங்கவயல்காரர்கள் ஆண்டர்சன் என்றால் ஆண்டர்சன்பேட்டையைத்தான் நினைப்பார்கள். வேட்டை இலக்கியத்தின் ஆண்டர்சன் வேறு. கென்னத் ஆண்டர்சன் 1910-இல் ஹைதராபாத் அருகே பொலாரத்தில் பிறந்தவர், பெங்களூரில் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், 1974-இல் அங்கேயே மறைந்தவர். விடுமுறை கிடைத்தால் ஓசூர், தளி, பென்னாகரம் காடுகள்தான். ஜவளகிரியில் ஆட்களைக் கொன்ற பெண்புலியின் கதையை 1954-இல் வந்த தம் முதல் புத்தகத்தில் எழுதினார். அதன் ஆண் துணை ஏற்கெனவே கொல்லப்பட்டிருந்தது. மரத்தடியில் தரையில் நின்றுகொண்டு, ஆண்புலியின் குரலில் இவர் உறுமினார். பெண்புலி பதில் சொன்னது. சொல்லிக்கொண்டே நெருங்கி வந்தது. துணையைத் தேடி வந்த அதைத்தான் அவர் சுட்டார். ஆட்கொல்லியை ஒழித்ததற்காக அந்த ஊர்கள் நிம்மதியடைந்திருக்கும். ஆனாலும் அந்த அழைப்பைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது.

ஜிம் கார்பெட்டும் இதையே செய்தார். குமாவோன் மலையில் தாக் கிராமத்து ஆட்கொல்லிப் பெண்புலியைப் பல நாள் துரத்தியும் பிடிக்க முடியாமல், 1938 நவம்பர் 30 அன்று பொழுது சாயும் நேரத்தில் ஆண்புலிபோல் குரல் கொடுத்து வரவழைத்தார். உடன் வந்த ஆட்களும் அங்கேயே இருந்தார்கள். ஒருவர் இருமியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். கார்பெட் சுட்ட கடைசி ஆட்கொல்லி அதுதான்.

ஆண்டர்சனின் புத்தகங்களில் புலியைவிட மறக்க முடியாதவர்கள் அவருடைய கூட்டாளிகள். முத்தூர்ப் பக்கத்துக் காட்டுவாசியான பைரா பூசாரி, பென்னாகரத்து ரங்கா. இருவருமே சட்டத்துக்குப் புறம்பாக வேட்டையாடியவர்கள் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் ஒடிந்த ஒரு புல்லைப் பார்த்து, இதை மிதித்தது எது, எந்நேரம், எந்தப் பக்கம் போனது என்று சொல்லும் கண்ணை இவர் அவர்களிடம்தான் கற்றார். துப்பாக்கி இவருடையது, காடு அவர்களுடையது. கூட்டாளி தேடுகிறவர்கள் பொதுவாகத் தங்களைப் போன்றவரையே தேடுவார்கள். ஆண்டர்சன் தமக்குத் தெரியாததைத் தெரிந்தவர்களைத் தேடினார்.

சரி, குரல் கொடுத்து அழைப்பதையே ஒரு தேசிய வெறியாக வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் அழைப்பது வான்கோழியை. நம் ஊர் முற்றத்தில் திரியும் கனத்த உடம்புக்காரனை நினைக்காதீர்கள். காட்டு வான்கோழி இரவில் மரத்தின் உச்சியில் தூங்கும், நன்றாகப் பறக்கும், கண்பார்வை அபாரம். ஒரு கண் இமைத்தாலும் பார்த்துவிடும் என்று அங்குள்ள வேட்டைக்காரர்கள் சொல்வார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வசந்த காலத்தில் சேவல் ஓரிடத்தில் நின்று கொக்கரிக்கும். குரல் கேட்டுப் பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும். அதுவே இயற்கை. வேட்டைக்காரனோ பெட்டையின் குரலைக் கொடுத்துச் சேவலைத் தன்னிடம் வரச் சொல்கிறான். வழக்கத்தைத் தலைகீழாகத் திருப்பச் சொல்கிற வேலை. அதனால் சேவல் பாதி தூரம் வந்து, "நீ ஏன் வரவில்லை?" என்பதுபோல் அப்படியே நின்றுவிடும். அங்கே மேலும் மேலும் கூப்பிடுகிறவன் தோற்பான். வாயை மூடிக்கொண்டால், பெட்டை போய்விட்டதோ என்ற தவிப்பில் சேவல் மீதித் தூரத்தையும் கடந்து வரும். புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பெரியவர்கள் சொல்லும் முதல் அறிவுரையே குறைவாகக் கூப்பிடு என்பதுதான்.

அழைக்கும் கருவிகளும் எளியவைதான். மெல்லிய பக்கங்கள் கொண்ட ஒரு சிறு மரப்பெட்டி, அதன்மேல் ஓர் ஆணியில் ஆடும் மரமூடி. மூடியின் அடியில் சுண்ணக்கட்டியைப் பூசிப் பெட்டியின் விளிம்பில் இழுத்தால் மரம் மரத்தோடு உரசிப் பெட்டையின் 'கியோக் கியோக்' சத்தம் பிறக்கும். ஆர்கன்சா மாநிலத்து ஹென்றி கிப்சன் 1897-இல் இப்படி ஒரு பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். இன்னொரு வகை பலகைக்கல். வட்டக் கல்லின் மேல் குச்சியால் சிறு வட்டம் போட வேண்டும். மூன்றாவது வாய்க்குள் வைப்பது. குதிரை லாடம்போல் வளைந்த சட்டத்தில் மெல்லிய ரப்பர் ஏடு. அதை அண்ணத்தில் ஒட்டவைத்து, நாக்கால் அழுத்திக்கொண்டு ஊத வேண்டும். பழகும்வரை குமட்டும். பழகிவிட்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும், அசைவே தெரியாது.

மரத்தில் எந்தக் கிளையில் சேவல் தூங்குகிறது என்று தெரிந்துகொள்ள விடியுமுன் ஆந்தைபோல் அலறுவார்கள். சேவலுக்கு ஆந்தையின் மேல் ஆசையுமில்லை, பெரிய பயமுமில்லை. திடீர்ச் சத்தம் கேட்டால் தன்னையறியாமல் கொக்கரித்துவிடும், அவ்வளவுதான். இருக்கும் இடம் வெளியாகிவிடும்.

கூட்டாளி ஏன் வேண்டும்? சேவல் நின்றுவிடுகிறது என்று சொன்னேனே, அதற்குத்தான். ஒருவர் முன்னால் துப்பாக்கியோடு உட்காருவார். குரல் கொடுப்பவர் இருபது முப்பது காலடி பின்னால் தள்ளி மறைந்திருப்பார். சேவலின் கவனமெல்லாம் பின்னாலிருக்கும் குரலில். அதைத் தேடி வரும்போது முன்னால் இருப்பவரைக் கடந்துதான் ஆக வேண்டும். இந்த ஏற்பாட்டில் பறவையை வரவழைத்தவருக்கு அது கண்ணிலேயே படாமல் போகலாம். அதைப் பொறுத்துக்கொள்கிறவர்தான் நல்ல கூட்டாளி.

அந்தக் காட்டில் சிவப்பு, வெள்ளை, நீலம் உடுத்தக் கூடாது. மூன்றும் சேவலின் தலை நிறங்கள். கைக்குட்டை வெளியே தெரிந்தாலும் ஆபத்து. கொக்கரிப்புக் கேட்கும் பக்கம் பதுங்கிப் போவதும் கூடாது. அங்கே கொக்கரிப்பது இன்னொரு மனிதனாக இருக்கலாம். அவ்வளவு தத்ரூபமாக அழைக்கத் தெரிந்தவர்கள் நிறைந்த காட்டில் இது நிஜமான பயம்.

1930-களில் அமெரிக்கா முழுவதும் காட்டு வான்கோழிகள் மிகக் குறைவாகவே மிஞ்சியிருந்தன. பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. காட்டுத் தாயின் எச்சரிக்கைக் குரலைக் கேட்டு வளராத குஞ்சுகளுக்குக் காட்டில் பிழைக்கும் வழி தெரியவில்லை. 1950-களில் பீரங்கிபோல் வெடித்து விரியும் வலைகளால் காட்டுப் பறவைகளையே பிடித்து, வெறுமையாகிப்போன காடுகளில் கொண்டுபோய் விட்டபோதுதான் நிலைமை மாறியது. 1937-இல் வந்த ஒரு சட்டத்தின்படி துப்பாக்கி, தோட்டாக்கள் மீது வசூலித்த வரி இதுபோன்ற பணிகளுக்குப் போனது. இன்று அவற்றின் எண்ணிக்கை பல லட்சம்.

வான்கோழி இந்தியாவுக்கு வந்த கதைக்கு ஓவியமே சாட்சி. 1612-இல் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அதிகாரி முகர்ரப் கான் கோவாவிலிருந்து கொண்டுவந்த அபூர்வப் பொருள்களில் ஒரு வான்கோழியும் இருந்தது. ஜஹாங்கீர் அதைக் கண்டு வியந்து, அதன் தலையும் தொங்குசதையும் நிறம் மாறுவதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதி, ஓவியர் மன்சூரை வரையவும் வைத்தார். அந்த ஓவியம் இப்போது லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது.

நம் ஊர்ப் பண்ணைகளில் இருப்பது அதே அமெரிக்க வம்சம்தான். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நாட்டுக் கருப்பு வான்கோழியையும் 'பெல்ட்ஸ்வில்' சிறு வெள்ளையையும் கலந்து 'நந்தனம் வான்கோழி-1' என்ற இனத்தை உருவாக்கியிருக்கிறது. இவற்றை அழைக்க எந்தக் கருவியும் தேவையில்லை. தீவன வாளியின் சத்தம் போதும்.

பறவையையே கூட்டாளியாக்கிக்கொண்ட மனிதர்கள் உண்டு. மொசாம்பிக்கின் நியாஸா காட்டில் யாவோ மக்கள் தேன் எடுக்கப் போகும்போது 'ப்ர்ர்ர்...ஹ்ம்' என்று ஒரு குரல் கொடுப்பார்கள். தேன்காட்டி என்ற சிறு பறவை அதைக் கேட்டு வந்து, மரத்துக்கு மரம் முன்னே பறந்து தேன்கூட்டைக் காட்டும். மனிதர்கள் புகைபோட்டுத் தேனை எடுத்துக்கொள்வார்கள், மெழுகு பறவைக்கு. கிளேர் ஸ்பாட்டிஸ்வுட் குழுவினர் இதைச் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். அந்தக் குரலைக் கொடுத்துக்கொண்டு நடந்தால் பறவை வழிகாட்டும் வாய்ப்பு 33 விழுக்காட்டிலிருந்து 66 ஆகிறது. தேன்கூடு கிடைக்கும் வாய்ப்பு 16-லிருந்து 54. அடுத்து 2023-இல் வந்த ஆய்வு இன்னும் அழகானது. தான்சானியாவின் ஹட்ஸா மக்கள் இதே பறவையைச் சீழ்க்கையடித்து அழைக்கிறார்கள். அங்குள்ள பறவைகள் யாவோ குரலைவிட அந்தச் சீழ்க்கைக்கே மூன்று மடங்குக்கு மேல் செவிசாய்த்தன. மொசாம்பிக் பறவைகளோ யாவோ குரலுக்கே அதிகம் வந்தன. ஊர்ப் பேச்சு பறவைக்கும் உண்டு. யாரும் அதைக் கூண்டில் அடைத்துப் பழக்கவில்லை. கூவலைப் பற்றி நான் படித்த எல்லாவற்றிலும் மனசுக்கு நெருக்கமானது இதுதான்.

அழைத்தாலும் வராத ஒன்றுக்காகக் காத்திருந்த வேட்டையும் தங்கவயலில் நடந்திருக்கிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் 1965-இல் நியூட்ரினோ என்ற நுண்துகள்களைத் தேடினார்கள். பூமியின் மேல்பரப்பில் அண்டக் கதிர்களின் இரைச்சலில் அவற்றின் சுவடு காணாமல் போய்விடும். அவ்வளவு பாறையைத் தலைக்குமேல் வைத்தால்தான் அந்த இரைச்சல் அடங்கும். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் கூட்டாளிகள். வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவை முதன்முதலாகக் கண்டறிந்த பெருமையில் தங்கவயலுக்குப் பங்கு உண்டு. மறுபங்கு தென்னாப்பிரிக்காவின் இன்னொரு தங்கச் சுரங்கத்துக்கு. தங்கவயல் சுரங்கம் கதவை மூடியது 2001 பிப்ரவரி 28-இல் என்பது எல்லோருக்கும் தெரிகிறது, உள்ளே இது நடந்தது பலருக்குத் தெரிவதில்லை.

துப்பாக்கி போய் கேமரா வந்தபிறகு அழைப்பு நின்றுவிடவில்லை. கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கிறார்கள். பறவைக்கு வலி அதே வலிதான். தன் எல்லையில் எதிராளி நிற்கிறான் என்று குஞ்சுக்கு இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடி வருகிறது, எதிராளியைக் காணாமல் சுற்றுகிறது. நாம் படமெடுத்துவிட்டுப் போய்விடுகிறோம். அடுத்த நாள் வேறொருவர் வந்து அதையே செய்கிறார். கூடு கட்டும் காலத்தில் இதைச் செய்யவே கூடாது. ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டுச் சின்னப் பறவைகளைத் திரட்டுவதும் அப்படித்தான். அவை ஆந்தையை விரட்டத் திரளுகின்றன, நமக்குக் காட்சி கொடுக்க அல்ல.

உதட்டைக் குவித்து 'பிஷ் பிஷ்' என்று மெல்லச் சத்தமிட்டால் தையல்சிட்டும் கொண்டைக்குருவியும் எட்டிப் பார்க்கும். சிறு பறவைகளின் எச்சரிக்கைக் குரல் போல அது ஒலிப்பதுதான் காரணம். இரண்டு முறைக்குமேல் வேண்டாம்.

கூட்டாளி தேடுகிறவர்களுக்கு ஒரு வழி. தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வொரு தைப்பொங்கலையும் ஒட்டி நான்கு நாள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் உலகம் முழுவதும் இன்னொரு கணக்கெடுப்பு. தங்கவயல், பங்காரப்பேட்டை, பேத்தமங்கலம் ஏரிக்கரை என்று எங்கிருந்தும் பிப்ரவரிக் கணக்கில் சேரலாம். ஓரிடத்தில் கால்மணி நேரம் நின்று, கண்டதையும் கேட்டதையும் 'இ-பேர்ட்' தளத்தில் பதிவிட்டால் போதும். பக்கத்தில் நிற்பவர் உங்களுக்குத் தெரியாத குரலைத் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. கண்ணில் படாமல் புதருக்குள்ளிருந்து கூவி மட்டும் போன கௌதாரியையும் பட்டியலில் சேர்க்கலாம்.